ஆயிரத்தொன்பதாவது கன்று

சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தபோது, ஒரே ஒரு வார்த்தை சொல்லப் பயந்து பதினொரு வகுத்தல் கணக்குப் போட்டவன் நான்.

நாற்றங்காலுக்குப் புது ஜாதிக் கன்றுகள் வந்திருந்தன. எண்ணிக் கொடுக்கும் கங்காணி ஈப்போவுக்குப் போயிருந்ததால் நான் கொடுத்தேன். வரிசைக்கு இருபத்தெட்டு, முப்பத்தாறு வரிசை, மொத்தம் ஆயிரத்தெட்டு. அதோடு நிறுத்தினேனா? நம் வழக்கப்படி ராசிக்கு ஒன்று கூடப் போட்டேன். எதையும் ஏட்டில் எழுதவில்லை. எழுதாமல் கொடுத்ததற்காகத்தான் முந்தைய கிராணியைத் துரை துரத்தியிருந்தார்.

மறுநாள் காலை துரை வந்தார். முப்பத்தேழாவது வரிசையில் ஒற்றைக் கன்று நின்றது. “மிச்சம் இருபத்தேழு எங்கே?” என்று நட்ட பெண்ணைப் பிடித்துக்கொண்டார். திருட்டு என்று முடிவானால் பேர் வெட்டுதான். காய்ச்சலில் கிடந்த புருஷனோடு அன்றே லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

“எண்ணிக் குடுத்தத நட்டேன் தொரை. வேற ஒண்ணும் தெரியாது.”

யார் கொடுத்தது என்று அந்தப் பெண் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்ததோ வேறு. “மொத்தம் ஆயிரத்தொம்பது இருக்கு தொரை. குடுத்ததே அவ்வளவுதானோ என்னமோ.”

“அப்படின்னா வரிசை நிறையணும். வரிசைக்கு எத்தனை வெச்சா மிச்சம் இல்லாம வரும், அந்த எண்ணைக் காட்டு. பன்னெண்டு மணி வரைக்கும் டைம்.”

கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தேன். இரண்டு, மூன்று, ஐந்து உதவவில்லை. ஏழில் ஒன்று மிஞ்சியது. பதினொன்றிலும் பதின்மூன்றிலும் எட்டு. பத்தொன்பதில் இரண்டு. முப்பத்தொன்றில் பதினேழு. அதற்குமேல் போவதில் அர்த்தமில்லை. முப்பத்திரண்டு முப்பத்திரண்டே ஆயிரத்து இருபத்துநான்கு ஆகிவிடும். பெரிய எண் ஒன்று வகுத்தால் அதன் ஜோடி சின்னதாக இருக்கும், சின்னதையெல்லாம் பார்த்தாயிற்று. பகா எண்! ஆயிரத்தெட்டு கேட்டவருக்கெல்லாம் பங்கு கொடுக்கிற எண். என் ராசி ஒன்று சேர்ந்ததும் யாருக்கும் மசியாததாகிவிட்டது.

அந்தப் பெண் வெயிலிலேயே நின்றார்.

“எப்படி வெச்சாலும் மிஞ்சும் தொரை. ஒத்தக் கன்னு நிக்கிறத வெச்சுத் திருட்டுன்னு சொல்ல முடியாது.”

துரை தாளைப் பிடுங்கித் தானும் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்தார். முகம் சிவந்தது.

“சரி. இப்படி ஒரு எண்ணை எந்த முட்டாள் எண்ணிக் கொடுத்தான்?”

அப்போதும் அந்தப் பெண் தலை நிமிரவில்லை. ஒரு விரலை நீட்டினால் தப்பிவிடலாம். நீட்டவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான்தான்,” என்றேன்.

அந்த வாரமே என் வேலை போனது. அந்தப் பெண்ணின் பேர் வெட்டுப்படவில்லை. நான் பெட்டியோடு லயத்தைத் தாண்டும்போது வாசலுக்கு வந்தார்.

“அந்த ஒரு வார்த்தைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல ஐயா? கணக்குப் போட்டுப் போட்டு என்னைய வெயில்ல நிக்க வெச்சீங்களே.”