வேங்கிக்கால் வண்டுகள்

காலை ஐந்தே முக்கால். பேருந்து திருவண்ணாமலையில் இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. மலையின் மேல்பாதியைக் காணோம், மேகம். உடன் வந்தவர்கள் கோயிலுக்குப் போனார்கள், நான் சாணி தேடிப் போனேன். சாணி வண்டுகளை ஆராய்வது என் பிழைப்பு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே அளந்திருந்தேன். ஒரே இனம்தான்; ஆனால் மலைக்குக் கிழக்கே வேங்கிக்காலில் ஆண் வண்டுக்கு நீளக் கொம்பு, மேற்கே அடி அண்ணாமலையில் குட்டைக் கொம்பு. மரபணுவிலும் அந்த வித்தியாசம் உண்டா என்று பார்க்க, பக்கத்துக்குப் பத்து வண்டு வேண்டும். எனக்குக் கொடுத்த தவணை இந்த மழைக்காலத்தோடு முடிகிறது.

ஏழு மணி. வேங்கிக்காலுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். நான் வண்டு பிடித்த தொழுவங்கள் இருந்த இடத்தில் மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். மாடே இல்லை, வண்டு எங்கே இருக்கும்? இரண்டு மணி நேரம் சுற்றினேன்.

ஒன்பதரை. அடி அண்ணாமலைக்கு முந்நூறு ரூபாய். “சாணிக்காவ மெட்ராஸ்லேர்ந்தா வரீங்க?” என்று ஆட்டோக்காரர் நம்பாமல் கேட்டார். வண்டி போகப் போக மலை ஓரிடத்தில் கூராகவும் இன்னோரிடத்தில் படுத்த மாடாகவும் தெரிந்தது. ஈரக்காற்றில் கண் சொருகியது. நான் அசையாமல் இருக்க, மலைதான் மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

பதினோரு மணி. சுமதி என்பவரின் கடலைக்கொல்லையில், அவர் அனுமதியோடு சாணியைக் கிளறினேன். முதலில் குட்டைக் கொம்பு. அடுத்தது நீளம். அதற்கடுத்ததும் நீளம்! எனக்கு வியர்த்துவிட்டது. அப்போதே டப்பாக்களில் ஊர்ப்பெயரை மாற்றி எழுதித் தொலைத்தேனா? அப்படியானால் மூன்று வருட உழைப்பும் பொய்.

“இன்னா சார், மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?”

“இந்த வண்டு வேங்கிக்கால்லதானே இருக்கணும்!” என்றேன்.

சுமதி சிரித்தார். “எங்க அம்மா ஊடே அங்கதான் சார். ஆடி சீருக்குப் பொடவ வேணாம், எரு அனுப்புன்னு எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு ஆடிக்கு டிராக்டர்ல கொட்டிட்டுப் போனாரு. அதுல வந்திருக்கும். இந்த வருசம் மாடு, நெலம் எல்லாத்தையும் வித்துட்டாரு.”

அப்பாடா! ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேகம் கொல்லை வரைக்கும் இறங்கியிருந்தது. வண்டுகள் என் செருப்பைச் சுற்றி உருண்டைகளைப் புதைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு நடுத்தரக் கொம்பு. இரு பக்கமும் கலக்கத் தொடங்கியாகிவிட்டது.

சுமதி அப்பாவுக்குப் போன் போட்டார். “மாட்ட வித்ததுலேர்ந்து யாருகிட்டயும் பேசறதில்ல சார்,” என்றவர், போனில், “பா, உன் தொழுவத்து வண்டு இங்க கீது. வந்து பாரு” என்றார். ஸ்பீக்கரில் கரகரத்த குரல் கேட்டது: “எத்தினி கீது?”

சுமதி என்னைப் பார்த்தார். “நிறைய இருக்குன்னு சொல்லுங்க,” என்றேன்.

“அப்ப நாளைக்கு வரேன்” என்றது குரல்.

மாலை நான்கு மணி, சென்னைப் பேருந்து. நீளக் கொம்பு வண்டுகள் அந்தக் கொல்லையில் மொத்தம் பதினொன்றுதான் கிடைத்தன. பத்து எடுத்திருக்கலாம்; நாளை அவர் வந்து எண்ணிப் பார்ப்பார். என் டப்பாவில் நான்கு இருக்கிறது.