கொசுறு வெங்காயத்தாள்

எங்கள் ஜியாயி ஊர்ச் சந்தையில் என் மீன்கடைக்கு அடுத்தது ஷியூலுவானின் காய்கறிக் கடை. போன மழையில் பிளாஸ்டிக் பைகள் சாக்கடையை அடைத்து, தண்ணீர் ஏறி, அவள் கீரையெல்லாம் மிதந்தது. அன்றே, இந்தப் பைகளை ஒழித்தே தீருவது என்று வரிந்துகட்டினாள். "கடல் ஆமைகள் சாகின்றன" என்று பலகை மாட்டினாள். வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், அதே வாயால் பையும் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பலகையைக் கழற்றிவிட்டு வெங்காயத்தாளில் கைவைத்தாள். காய் வாங்கினால் இரண்டு தாள் கொசுறாக வைப்பது எங்கள் ஊர் வழக்கம். கேட்கக்கூட மாட்டார்கள், கைதான் நீளும். இனி சொந்தப் பை கொண்டுவந்தால்தான் கொசுறு என்றாள். பிளாஸ்டிக் பை கேட்டால் அது கிடைக்கும், தாள் கிடைக்காது.

ஓய்வுபெற்ற செங் டீச்சருக்கு வந்ததே கோபம்!

"தாள் இல்லாம கீரையா? என்னை என்னன்னு நினைச்சே?"

"பையோட வாங்க டீச்சர், ரெண்டுக்கு மூணா வெக்கறேன்."

டீச்சர் விறுவிறுவென்று எதிர்க் காய்கறிக் கடை அஹாயிடம் போனார். அவன் பையும் கொடுத்தான், தாளும் கொடுத்தான், எங்களைப் பார்த்துக் கண்ணும் அடித்தான். கொஞ்ச நாளில் பாதிக் கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது.

"அடியே, பேசாம கடையை மூடிட்டு என் மீனைக் கழுவ வா" என்றேன்.

"மூடினாலும் மூடுவேன்க்கா. பிளாஸ்டிக் பைக்குத் தாள் வெக்க மாட்டேன்."

அப்புறம் புயல் அடித்தது. வெங்காயத்தாள் விலை என் மீன் விலையைத் தொட்டது. அஹாய் கொசுறை நிறுத்தினான்; சந்தையே நிறுத்தியது. இவள் மட்டும் பையோடு வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன்.

"சொல்லிட்டேனேக்கா" என்றாள், அவ்வளவுதான்.

சேதி கேட்டு செங் டீச்சர் ஓடி வந்தார், வெறுங்கையோடு. ஷியூலுவான் முடியாது என்று தலையாட்டினாள். டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டென்று தன் வெயில் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"இது பை இல்லையா? போடு!"

கத்தரிக்காயும் மூன்று தாளுமாகத் தொப்பி நிறைந்தது. நான் சிரித்த சிரிப்பில் மீன் கைநழுவியது.

விலை இறங்கியதும் அஹாய் மறுபடி எல்லோருக்கும் தாளை நீட்டினான். இத்தனை பிடிவாதமும் வீணாகிவிடுமோ என்று அவளுக்காகப் பயந்தேன். அப்போதுதான் செங் டீச்சர் துணிப்பையோடு அவன் கடையைத் தாண்டினார்.

"டீச்சர், இங்க சும்மாவே தர்றேனே!"

"போடா! என் தாளை நானே சம்பாதிச்சு வாங்கிக்கறேன்" என்று சொல்லி, ஷியூலுவான் முன்னால் பையை விரித்தார்.