வெல்லத்துக்காக நின்ற பேருந்து

கல்வராயன் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் பேருந்து நிற்கிறது. ஏறிவந்த காவலர் என் பையைத் திறக்கச் சொல்கிறார். மேலே நவீன அயர்லாந்துக் கவிதைகள் பற்றிய என் ஆய்வேடு. அடியில், மலையூர் கிராம சபையில் கொடுக்கச் சொல்லி நண்பர்கள் அனுப்பிய துண்டறிக்கைகள். ‘மக்களே முடிவெடுப்போம்’ என்று சிவப்பு எழுத்து. ஆய்வேட்டை அவற்றின்மேல் இழுத்து வைக்கிறேன்.

காவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, “வெல்லம் எதுனா வெச்சிருக்கீங்களா?” என்கிறார்.

மலையில் காய்ச்சும் கள்ளச்சாராய ஊறலுக்குப் போகும் வெல்லத்தைத்தான் தேடுகிறார்கள். அப்பாடா என்று பையை மூடுகிறேன்.

பக்கத்து இருக்கை அம்மாவின் பையில் வெல்லம் இருக்கிறது. காவலர் அதை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்.

“நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்க சார். பாயசத்துக்கு வாங்கிக்கினு போறேன்,” என்று பின்னாலேயே போகிறார் அம்மா.

முன் இருக்கைக்காரர் இறங்கி அம்மா பக்கத்தில் நிற்கிறார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். ஓட்டுநரும் இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறார். அயர்லாந்துக் கவிதைகளில் நான் வருஷக்கணக்காகத் தேடிய கலகம், இங்கே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறது. நானும் இறங்குகிறேன்.

“அந்தம்மாவ வுட்டுட்டு வண்டி போவாது சார்,” என்கிறார் நடத்துநர், தணிந்த குரலில்.

காவலர் எங்களை ஒரு சுற்றுப் பார்க்கிறார். சிரிப்பு வந்துவிடுகிறது அவருக்கு. வெல்லம் திரும்புகிறது.

முதல் கொண்டையூசி வளைவில் அம்மா ஓர் உருண்டையை ஜன்னல் கம்பியில் தட்டி உடைத்து, என்னிடம் ஒரு துண்டை நீட்டுகிறார். தயங்குகிறேன்.

“எடுத்துக்கங்க. நீங்களுந்தான எறங்குனீங்க.”