முழங்கைக்கு ஏறிய கடிகாரம்

இதில் முழுக்க என் பெருமைதான் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைக்கடிகாரப் பட்டைகளுக்குப் பூட்டு வடிவமைப்பதுதான் இன்றைக்கு என் பிழைப்பு. மணிக்கட்டு காலையில் ஓர் அளவு, வெயிலில் அலைந்தால் ஓர் அளவு, கல்யாணப் பிரியாணிக்குப் பிறகு இன்னோர் அளவு. மூன்றுக்கும் ஒத்துப்போகிற மாதிரி, கடிக்காத, உறுத்தாத பூட்டாக வரைந்து கொடுத்தால் சம்பளம். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த அன்று, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லிவைத்தேன். உண்மையான பதில் பட்டுக்கோட்டையில், எங்கள் அத்தாவின் மோட்டார் வைண்டிங் கடையில் இருக்கிறது. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளில் போர் மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் அடித்து, ஓடவைத்து அனுப்புவார். கை ஓடுகிற அளவுக்கு அவருக்கு வாய் ஓடாது. யார் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார், தலையை ஆட்டுவார், சிரிப்பார். முடியாது என்று ஒருவரிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அத்தாவுக்கு ஒரு வாட்ச் கொண்டுவந்தார். பூரி அளவுக்கு இருக்கும். நீல டயல், வெள்ளை உலோகச் செயின், மூன்றாக மடிந்து டக்கென்று மூடிக்கொள்ளும் பூட்டு. மாமாவே அதை அத்தாவின் கையில் மாட்டிவிட்டு, “இத நீங்க கட்டிக்கிட்டா, அடுத்த தடவ என்கூட வர்றீங்கன்னு நான் எடுத்துக்குவேன் மச்சான். எங்க கம்பெனிக்கு ஒரு வைண்டிங் ஆள் கட்டாயம் வேணும்” என்றார். அத்தா வழக்கம்போலச் சிரித்தார். ஊருக்கு வந்தவர்கள் கிளம்பும்போது நம்மையும் வரச்சொல்வதில்லையா, அந்த மாதிரி ஒரு மரியாதைப் பேச்சு என்றுதான் நான் நினைத்தேன்.

மாமா விமானம் ஏறிய நான்காம் நாள் வாட்ச் தொலைந்தது. தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யும்போது முழங்கைவரை கழுவ வேண்டும். அதற்காக வாட்சைக் கழற்றிப் பள்ளிவாசல் தொட்டியின் விளிம்பில் வைத்திருக்கிறார், அப்படியே மறந்துவிட்டு வந்துவிட்டார். அத்தா வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் பின்னாலேயே வந்து, நல்லவேளை நான் பார்த்தேன் என்று வாட்சை நீட்டினார். அத்தாவும் நல்லவேளை என்றார்.

இரண்டாம் தடவை சலூனில். முடிவெட்டுகிறவர் தன் மகனைச் சைக்கிளில் அனுப்பிவிட்டார். மூன்றாம் தடவை, மோட்டார் இறக்கப் போன தோப்பில் ஒரு தென்னையடியில். தோப்புக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, வாட்சோடு நாலு இளநீரும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான்காம் தடவை தஞ்சாவூர் பஸ்ஸில். எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை என்று அத்தா கையை விரித்துவிட்டார். இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்திருக்க, மறுநாள் கண்டக்டர் கடைக்கே வந்து கொடுத்தார். அவர் வீட்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தவர் அத்தா. அந்த நீல டயலை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்திருக்கிறது. தொலைந்த பொருள் ஒன்று இவ்வளவு விடாப்பிடியாக வீடு திரும்பி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் யோக்கியத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தாவின் முகத்தில் மட்டும் அந்தப் பெருமையைக் காணோம்.

இதற்கிடையில் மாமா மறுபடி லீவில் வருவதாக போன் வந்தது. அம்மா வாட்சை பீரோவிலிருந்து எடுத்து அத்தாவின் முன்னால் வைத்தாள். “ஆசையா வாங்கிட்டு வந்த தம்பி. அவன் வர்றப்ப இது உங்க கையில இல்லன்னா நான் எப்படிங்க அவன் மூஞ்சில முழிப்பேன்?” அத்தா, செல்போனிலேயே மணி தெரிகிறதே என்று என்னவோ முனகினார். அம்மா விறுட்டென்று உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. மாமா வர மூன்று வாரம் இருந்தது.

இரண்டு பேர் முகத்தையும் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அம்மா அழுவாளோ என்று பயம் வேறு. நான் வாட்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குற்றவாளி யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பூட்டுதான். மூடும்போது அத்தாவின் கைமுடியைப் பிடித்து இழுத்தது. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம். வியர்த்தால் இறுகியது. கழற்றினால்தான் கழுவ முடியும், கழற்றினால் மறக்கத்தான் செய்யும். கழற்றவே வேண்டாத பூட்டாக ஒன்று இருந்தால்? கையை நனைக்கும்போது வாட்ச் தானாக விரிந்து முழங்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, கழுவி முடித்ததும் கீழே இறங்கி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்?

முதலில் என் பாவாடையிலிருந்து எலாஸ்டிக்கை உருவினேன். பழைய பூட்டைக் கழற்றிவிட்டு, செயினின் இரண்டு முனைகளையும் எலாஸ்டிக்கால் சேர்த்துத் தைத்தேன். முழங்கைக்கு அருமையாக ஏறியது. இரண்டு நாள் தண்ணீரில் நனைந்ததும் தொளதொளத்துப்போய், கையைத் தொங்கப்போட்டாலே வாட்ச் விரல்வழியாகக் கழன்று விழுந்தது. அத்தா அதை மிகவும் பாராட்டினார். “இதுவே நல்லாத்தாம்மா இருக்கு. இதுக்கு மேல ஒன்னும் பண்ணாத” என்றார். என் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக வேலையில் இறங்கினேன்.

அடுத்து சைக்கிள் டியூபைக் கத்தரித்துப் போட்டேன். வியர்வையில் ஒட்டி, கையெல்லாம் வேர்க்குரு. பிறகுதான் ஸ்பிரிங் ஞாபகம் வந்தது. வைண்டிங்காரர் மகளுக்குக் கம்பி சுற்றத் தெரியாதா என்ன. கடையில் கையால் சுற்றுகிற வைண்டிங் மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை மாட்டி, அதன்மேல் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினேன். பளபளவென்று நகை மாதிரி வந்தது. இழுத்தேன், நீண்டது. விட்டேன், நீண்டபடியே நின்றது. செம்பு போனால் போனதுதான், திரும்பாது என்பதைப் பத்து ஸ்பிரிங் கெடுத்த பிறகு தெரிந்துகொண்டேன். புதுக் கம்பியை இப்படிப் பாழாக்கியதற்கு அத்தா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கெட்டுப்போன ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, சுற்று பிசகாமல் நெருக்கமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மாமா வர ஐந்து நாள் இருக்கும்போது பக்கத்து சைக்கிள் கடையில் அறுந்த பிரேக் ஒயர் ஒன்று கிடைத்தது. அதைப் பிரித்தால் உள்ளே மெல்லிய எஃகு இழைகள். அதில் ஒன்றை எடுத்துச் சுற்றினேன். முரண்டு பிடித்தது, விரலைக் கிழித்தது. ஆனால் இழுத்து விட்டதும் சட்டென்று பழைய நீளத்துக்கே வந்து நின்றது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு ஸ்பிரிங்குகளை அருகருகே வைத்து, முனைகளைக் குறடால் கொக்கியாக வளைத்து, செயினில் மாட்டினேன். அத்தாவின் கையைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினேன். ஏறியது. கீழே இறக்கினேன். இறங்கும்போது சுற்றுகளுக்கு நடுவில் மாட்டி நாலைந்து முடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அத்தா பல்லைக் கடித்துக்கொண்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அழுதுகொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தபோது ஆணியில் ஸ்லீவ் தொங்கியது. மோட்டாருக்குள் கம்பியின் இணைப்புகளை மூடுவதற்குப் போடுகிற நூல் குழாய் அது, பின்னல் மாதிரி மெத்தென்று இருக்கும். ஸ்பிரிங்கைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு ஸ்லீவை வெட்டி, பாவாடைக்குச் சுருக்கு வைப்பதுபோல நெருக்கி அதன்மேல் ஏற்றினேன். ஸ்பிரிங் நீளும்போது சுருக்கும் விரிந்தது; ஸ்பிரிங் சுருங்கும்போது அதுவும் கூடவே ஒடுங்கியது. எஃகின் ஒரு நுனிகூடத் தோலைத் தொடவில்லை. அத்தா கையை உதறினார், மடக்கினார், ஸ்பேனரைப் பிடித்து நட்டு திருகிப் பார்த்தார். வாட்ச் கட்டியிருப்பதே தெரியவில்லையே என்றார். அதைச் சொல்லிவிட்டு ஏனோ பெருமூச்சு விட்டார்.

மாமா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினார். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அத்தாவும் அவரும் கொல்லைக் குழாயடியில் ஒளு செய்ய உட்கார்ந்தார்கள். மாமா தன்னுடைய வாட்சைக் கழற்றி எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தார். அத்தா இடது கை வாட்சை வலது கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது மணிக்கட்டிலிருந்து கிளம்பி, முழங்கையைத் தாண்டி மேலே போய் நின்றது. கையைக் கழுவி முடித்ததும் ஒரே இழுப்பில் கீழே வந்து, புறப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்தது. மாமா குழாயை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று குதித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் நெய்ச்சோறும் தாளிச்சாவும். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தாவின் கையில் வாட்ச் மின்ன, அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இப்போது மாமா கேட்பார், யார் செய்தது என்று கேட்டே ஆகவேண்டும் என்று நான் சாப்பிடாமல் காத்திருந்தேன். மாமா கேட்டது வேறு. “வாட்ச் கையில ஏறிருச்சு. அப்ப விசாவுக்குப் பேப்பர் போட்டுடவா மச்சான்?”

அத்தா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “போடாத மாப்ள. நான் வரல” என்றார்.

அவ்வளவுதான். மாமா தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் கரண்டி சட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அத்தாவே தான் சொன்னதைக் கேட்டுத் திகைத்தவர்போல இருந்தார். எனக்கோ பொறுமை போய்விட்டது. இத்தனை பாடுபட்டுச் செய்திருக்கிறேன், இவர்கள் பேப்பரைப் பற்றிப் பேசுகிறார்கள். “மாமா, அத இழுத்துப் பாருங்க” என்றேன்.

அத்தா சட்டென்று இடது கையை மாமாவிடம் நீட்டினார். “என் மக பண்ணுனது. இழுத்துப் பாரு, ஒன்னும் ஆவாது.” மாமா வாட்சைப் பிடித்து இழுத்தார், விட்டார். மறுபடியும் இழுத்து, இந்தத் தடவை ஸ்லீவின் சுருக்கு விரிவதைக் குனிந்து பார்த்தார். பிறகு, “எனக்கும் ஒன்னு பண்ணித் தர்றியா?” என்று என்னிடம் கேட்டார். அம்மா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். அத்தாவுக்கு இரண்டு தடவை சோறு வைத்தாள்.

அந்த லீவில் மாமாவுக்கு ஒன்றும் மோதினாருக்கு ஒன்றும் செய்தேன். மாமா ஷார்ஜா போய்ச் சேர்ந்ததும், அவர் அறையில் இருக்கிற ஐந்து பேருக்கும் வேண்டும் என்று போன் வந்தது. ஆள் வைத்துச் செய்கிற நினைப்பில் தெருவில் தலையை நிமிர்த்தி நடந்தேன். அத்தா அதன்பிறகு எந்த ஊருக்கும் போகவில்லை, அந்த வாட்சும் ஒருநாள்கூடத் தொலையவில்லை.

ஓசூரில் வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல ஊருக்குப் போயிருந்தபோதுதான் அம்மா அடுப்படியில் வைத்துச் சொன்னாள். வெளிநாட்டுக்கு வர மாட்டேன் என்று மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராமல், அந்த வாட்சை எப்படியாவது தொலைத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று ஊரெல்லாம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார் அத்தா. தம்பியின் மனம் நோகக்கூடாதென்று கட்டச் சொன்ன அம்மாவும், அவர் போய்விடக் கூடாதென்று ஐந்து வேளையும் துஆ கேட்டிருக்கிறாள். தொலைக்க முடியாதபடி நான் செய்து கொடுத்த பிறகுதான் அவர் வாயைத் திறந்திருக்கிறார். அதுவரைக்கும், அந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் மூன்று பெரியவர்களும் பேச்சற்று உட்கார்ந்திருந்தது என் பூட்டைப் பார்த்துத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.