விலையைத் தின்ற பிள்ளை

அந்தப் பித்தளை உழக்கு இப்போது இந்தத் தீவில் கெலுகோரில் என் வீட்டு அடுப்படிப் பலகையில் இருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். என்னைப் பெற்றவள் ஊரிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறியபோது கொண்டுவந்த சாமான்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். அரிசி அளக்க எனக்குப் பால் டின் போதும். உழக்கை நான் எதற்கும் எடுப்பதில்லை, புளி போட்டுத் துலக்குவதோடு சரி. என் தம்பியை இரண்டு முறை விலைக்கு வாங்கிய உழக்கு அது. அதில் போய் அரிசி அளக்க எனக்கு மனம் வருவதில்லை.

என்னை வளர்த்த சின்னம்மா காலமாகி இன்னும் ஆண்டு திரும்பவில்லை. அதனால் இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. துக்க வீட்டுப் பிள்ளைகள் வாய் காயக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் தட்டுத் தட்டாகப் பலகாரம் கொண்டுவந்தார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் தட்டைத் திறந்தால் எல்லாம் வெள்ளைச் சீனி. அதன்மேல் ரோஜா நிறமும் பச்சை நிறமுமாகச் சாயம். பிள்ளைகள் உதடெல்லாம் சிவந்து வந்து நின்றார்கள். திட்டவும் முடியவில்லை, தின்னுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உழக்கைப் பார்த்தபடி நின்றேன்.

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று கேலி செய்யாத தமிழ் வீடு கிடையாது. கூடப் பிறந்தவனை அழவைக்க அதைவிட எளிய வழி இல்லை. எங்கள் வீட்டில் அது கேலியில்லை, நடந்தது. எனக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகள் அம்மாவுக்குத் தங்கவில்லை. தம்பி பிறந்ததும் பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி, வாசலுக்கு வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு அம்மா இந்த உழக்கில் ஒரு உழக்குத் தவிடு கொடுத்து அவனைத் திரும்ப வாங்கினாள். தவிட்டு விலைக்குப் போகிற பிள்ளையை எமன்கூடச் சீண்டமாட்டான் என்பது கணக்கு. அம்மா அவனைத் தவிட்டுராசா என்றுதான் கொஞ்சுவாள். அவன் நான்கு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். ராசா அவளோடு போனது. தெருப் பிள்ளைகளின் வாயில் வெறும் தவிடு மட்டும் நின்றது. அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவன் வீட்டுக்குள் ஓடிவந்து கதவிடுக்கில் நின்றுகொள்வான்.

தாயில்லாப் பிள்ளை என்றால் ஊரே மிட்டாய் வாங்கித் தரும். அது எங்கள் ஆட்களின் குணம். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாதவர்கள் எல்லோரும் சீனியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா சீனி உருண்டை பிடித்து வருவாள். அப்பாவின் சிநேகிதர்கள் பிஸ்கட்டு டின்னோடு வருவார்கள். தம்பிக்குக் கறி, கீரை எதுவும் இறங்காது. வெள்ளைச் சோற்றில் சீனியைத் தூவிக் கொடுத்தால் இரண்டு கவளம் தின்பான். அழாமல் தின்கிறானே என்று அதையே கொடுத்தார்கள்.

அந்த வெள்ளைச் சோறு அப்பாவின் பெருமை. துறைமுகத்தில் அப்பா கிராணி. கப்பலில் வரும் சரக்கைக் கணக்கெடுத்து எழுதுகிற வேலை. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, வீட்டுக்கு வந்தால் சயாம் வெள்ளையரிசிச் சோறு. புழுங்கல் அரிசி மூட்டை தூக்குகிறவர்களும் தோட்டத்துக் கூலிகளும் தின்பது என்பார். அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட சின்னம்மாவோ தீவுக்கு எதிரே அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். வெள்ளையரிசி தின்றால் வயிறு நிறைந்த மாதிரியே இல்லை என்று தனக்கு மட்டும் சின்னச் சட்டியில் புழுங்கல் அரிசி வடித்துக்கொள்வாள். அப்பா முகம் சுளிப்பார். பெரியம்மா அந்தச் சட்டிக்குக் கூலிச் சட்டி என்று பெயர் வைத்தாள். எனக்கு அந்தச் சோற்றின் மணம் பிடித்திருந்தது. நான் சின்னம்மாவின் தட்டிலேயே கைவைத்துத் தின்று வளர்ந்தேன். தம்பி அவளிடம் போகவில்லை. அவளை அவன் எந்த முறைசொல்லியும் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தட்டுவான்.

அவனுக்கு ஆறு வயதான வருஷம் தீபாவளி நெருங்கும்போது அவன் நடை தளர்ந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. அப்பாவுக்குத் தெரிந்த, டாக்டருக்கு உதவியாளான யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் ஒருவர் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தார். நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "கிராணியார், இது பெரிபெரி. வீக்கம் நெஞ்சுக்கு ஏறினா ஒண்டும் செய்யேலாது. வெள்ளையரிசியையும் சீனியையும் இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. பயறு குடுங்கோ, தவிடு குடுங்கோ. அரிசியைத் தீட்டித் தீட்டி நாங்கள் எறியிற தவிட்டிலதான் இதுக்கு மருந்து இருக்குது."

அப்பா தம்பியின் கால்களைப் போர்வையால் மூடிவிட்டு வெளியே போய் நின்றார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு பால்காரர் வீட்டு மாட்டுக் கொட்டிலுக்கு நடந்தாள். எங்கள் தெருவில் தவிடு கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். புதுத் தவிடாகப் பார்த்துத் துணியில் முடிந்துகொண்டு வந்தாள்.

கஞ்சியில் கலந்து கொடுத்தாள். தம்பி ஒரு வாய் வைத்துத் துப்பினான். மணத்திலேயே தெரிந்துவிட்டது அவனுக்கு. பிறகு பயற்றுமாவில் மறைத்து உருட்டிக் கொடுத்தாள். அதில் ஒன்றிரண்டு உள்ளே போயிற்று. ஆனால் அவள் கொட்டிலுக்குப் போய்வருவதைப் பெரியம்மா பார்த்துவிட்டாள். தம்பியின் பாய் அருகே வந்து உட்கார்ந்து தலையைத் தடவி, "மாட்டுக்குப் போடுறத ஒனக்குப் போடுறாளே, பாவம்லா பிள்ள" என்று அழுதாள். பெரியம்மா கெட்டவள் இல்லை. அவனைப் பிறந்தபோது கையில் ஏந்தியவள், அவனுக்காக உயிரையும் விடுவாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையால் தம்பி அந்த வீட்டில் சின்னம்மா கை பட்ட எதையும் தொடுவதில்லை என்று வாயை மூடிக்கொண்டான். பயறும் நின்றது. வீக்கம் தொடைக்கு ஏறியது. காலையில் எழுந்தால் கண்ணிமை உப்பியிருந்தது.

சின்னம்மா அப்போதுதான் ஒரு முடிவு எடுத்தாள். இந்தத் தீபாவளிக்கு வீட்டில் வெள்ளைச் சீனியும் வெள்ளையரிசி மாவும் நுழையக் கூடாது. பலகாரம் என்றால் தவிட்டு உருண்டை, அவனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

"தீபாவளியும் அதுவுமா வர்றவங்க முன்னால என்னத்தக் கொண்டுபோய் வைப்ப?" என்றார் அப்பா. அவருடைய மேலதிகாரியான பெரிய கிராணிகூட அன்றைக்கு வருவதாக இருந்தது.

"இதத்தான் வைப்பேன். வீட்டுல சீனி இருந்தா அவன் கேப்பான். அந்த மொகத்தப் பாத்துக்கிட்டு நம்மால இல்லேன்னு சொல்ல முடியாது, குடுத்துருவோம்."

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குத்தான் அப்பா முன்னால் அவ்வளவு பேசினாள். அப்பா பசாருக்குப் போய் குலா மலாக்கா வாங்கிவந்தார். அந்தக் கருத்த பனைவெல்லத்தின் மணம் இப்போதும் எனக்கு அந்த வாரத்தைத்தான் நினைவுபடுத்துகிறது. தவிட்டைச் சலித்து, வாணலியில் பச்சை வாடை போகிற அளவுக்கு மட்டும் சூடுகாட்டினாள். பச்சைப்பயறு வறுத்த மாவு, துருவிய தேங்காய், கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். வெல்லப்பாகு கைச்சூடு தாங்குகிற பதத்துக்கு வந்ததும் சேர்த்துப் பிடித்தாள். நானும் கூட உட்கார்ந்து பிடித்தேன். தின்னாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

தீபாவளிக் காலையில் தம்பிக்குத் தலைமுழுக்கு இல்லை. உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, புதுச்சட்டை போட்டு, கூடத்தில் தலையணை அணைத்து உட்காரவைத்தோம். புதுச்சட்டையின் பொத்தான் வயிற்றில் பூட்ட வரவில்லை. பெரியம்மா தட்டோடு வந்தாள்; அதிரசம், சீனி உருண்டை, நிறம் போட்ட தேங்காய் மிட்டாய். தம்பி கையை நீட்டினான். சின்னம்மா தட்டை வாங்கி மேலே பரணில் வைத்துவிட்டாள்.

பெரியம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடத்தில் தெருவார் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்கவே சொன்னாள்: "நல்ல நாளும் பெரிய நாளுமா ஒரு பிள்ளைக்குத் தவிடு. பெத்தவளா இருந்தா இப்பிடிச் செய்வாளா?"

எல்லோரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இந்த உழக்கு, விளிம்பு நிறையத் தவிடு. பெரியம்மாவின் முன் வந்து நின்றாள்.

"நான் பெக்கலதான்க்கா. பெத்தவங்ககூட ஒங்ககிட்டதானே தவிடு குடுத்து வாங்குனாங்க. எனக்கும் வித்துருங்க."

பெரியம்மா திகைத்துப்போனாள். அது பிள்ளையின் உயிருக்காகச் செய்கிற காரியம். கேட்டபின் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவன் யாருக்கும் இல்லாத பிள்ளையாகிவிடுவான். பெரியம்மா முந்தானையை விரித்துப் பிடித்தாள். சின்னம்மா தவிட்டைக் கொட்டினாள். "தவிடு வாங்கிட்டேன். பிள்ள ஒன்னுது" என்றாள் பெரியம்மா.

இதையெல்லாம் தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்த தம்பி, மூச்சு வாங்க, சின்னம்மாவைப் பார்த்துக் கேட்டான்: "அந்தத் தவிடு யாருக்கு? மாட்டுக்கா?"

அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாட்டுக்கு ஏன்யா? ஒன் வெல அது. இந்த உருண்டயும் அதே தவிடுதான். ஒன் வெலய நீயே தின்னுடு. அப்புறம் திருப்பிக் குடுக்க அது யார்கிட்டயும் இருக்காது. வந்து கேட்டாலும் ஒன்ன யாரும் திருப்பி வாங்க முடியாது."

யார் வந்து கேட்பார் என்று அவள் சொல்லவில்லை. செத்துப்போன அம்மாவை அவனும் பார்த்தவன்தான். பிறகு சின்னம்மா நீட்டிய தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துக் கடித்தான். மென்று விழுங்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. வாசலில் பெரிய கிராணி வந்து நிற்பதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. அப்பா எழுந்து அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டை எடுத்து நீட்டி, தானும் ஒரு உருண்டை எடுத்து அவர் முன்னாலேயே தின்றார்.

பெரியம்மாவின் முந்தானைத் தவிட்டையும் உருண்டையாகப் பிடித்தோம்; அதற்குப் பிறகு தம்பி தினமும் தின்றான். விலை பாக்கி இருக்கிறதா என்று கேட்பான், இருக்கிறது என்பாள் அவள். கொஞ்சம் கொஞ்சமாக வீக்கம் வடிந்தது. விரல் வைத்தால் விழுந்த குழி ஒருநாள் விழவில்லை. சின்னம்மா திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா புழுங்கல் அரிசி மூட்டை ஒன்று கொண்டுவந்து இறக்கினார். கூலிச் சட்டியும் பெரிய பானையும் ஒன்றாயின. தெருவில் மட்டும் அவள் பெயர் தவிட்டுக்காரி என்று நிலைத்தது. பிள்ளை பிழைத்ததைப் பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கென்று வயிற்றில் ஒன்று பிறக்கவில்லை. அதையும் அந்தப் பெயரோடு சேர்த்துப் பேசியவர்கள் உண்டு. எனக்கு இன்றும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்னம்மா போன அன்று தம்பி துறைமுகத்து வேலையிலிருந்து ஓடிவந்தான். திடகாத்திரமான ஆள், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தான். வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. பெரியவர்கள் தட்டில் பச்சரிசி வைத்திருந்தார்கள். அவன் அதை இந்த உழக்கில் எடுத்துக்கொண்டான். இடது கை மூடியிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, விரலிடுக்கில் தவிடு. அவளுக்குக் கடைசியாக அதைக் கொடுக்க வேண்டுமென்று கொட்டிலிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். அரிசியைப் போட்டான். இடது கையைக் கொண்டுபோனான். அவள் உதட்டருகே போனதும் கை நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, இதக் குடுத்தா வெலயத் திருப்பிக் குடுத்ததா ஆயிருமே" என்றான்.

ஊரார் பார்த்துக்கொண்டிருக்க, சின்னம்மாவின் தலைமாட்டில் நின்றபடியே அந்தத் தவிட்டைத் தன் வாயில் போட்டு விழுங்கினான். "அம்மா" என்று அவன் உடைந்து அழுதது அதன் பிறகுதான்.

உழக்கை அன்றைக்கே என்னிடம் கொடுத்துவிட்டான். இந்தத் தீபாவளியில் சாயம் ஒட்டிய வாயோடு என் சின்னமகள் வந்து, நான் எதையோ பார்த்தபடி நிற்பதைக் கண்டு, பலகையை எட்டிப் பார்த்தாள்.

"மாமாவ இதுலயா அளந்து வாங்குனாங்க?"

"ஆமா."

"அந்தத் தவிடு இப்ப எங்கம்மா?"

"மாமா தின்னுட்டாரு" என்றேன்.