றவூப் முதலாளியின் கறுத்த தாடி

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் புத்தளத்து அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான தண்ணீரூற்றுக்குத் திரும்பிய றவூப் முதலாளிக்குத் தலைமயிர், புருவம், கடையின் பெயர்ப்பலகை எல்லாமே வெளுத்துப்போயிருந்தன, தாடியைத் தவிர. "இது அல்லாஹ் தந்த நிறம்" என்று, நரையை மருதோண்டியால் சிவப்பாக்கிய பள்ளிவாசல் கூட்டாளிகளிடம் வாய் கூசாமல் சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் ஊருக்கு ஒரு டொக்டர் புதுக் கருவியோடு வந்தார். உள்ளே நானோ துகள்களாம். கண்ணுக்குத் தெரியாது, நம்பத்தான் வேண்டும். குழாயில் ஊதும்போது மூச்சில் அமோனியா கூடியிருந்தால், கிட்னி பழுதென்று கத்திவிடுமாம். இப்பேர்ப்பட்ட விசேஷத்துக்கு நரையோடு போகலாமா? றவூப் காலையிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு தாடிக்கு மை பூசினார்.

அவர் குழாயில் வாயை வைத்ததுதான் தாமதம், கருவி அலறியது. டொக்டர் குனிந்து மோந்து பார்த்தார்.

"ஐயா, தாடிக்கு மை ஏதும் பூசினனீங்களோ? அதிலயும் அமோனியா இருக்கும்."

பின்னால் வரிசையில் நின்ற சிவந்த தாடிகள் காதைத் தீட்டிக்கொண்டன. றவூப் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மையோ? சீச்சீ! கிட்னி பழுதெண்டே எழுதுங்கோ டொக்டர்."