அம்மாவின் தெலுங்கு

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசற்படி தாண்டினால் தமிழ். பருத்திக் காட்டில் சண்டை வந்தால், வைவதற்கு எது சௌகரியமோ அந்த மொழியில் வைதுகொள்வோம். எழுதப் படிக்கத் தமிழ்தான். தெலுங்கு எழுத்து எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் அப்பாவுக்குத் திடீரென்று இது பொறுக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வகுப்பு வேண்டுமென்று கோயமுத்தூருக்கு நடையாய் நடந்தார். பிள்ளைகள் போதாது என்றார்கள் அதிகாரிகள். உடனே அத்தை வீட்டிலிருந்தும் பெரியம்மா வீட்டிலிருந்தும் வண்டி கட்டிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து பெஞ்சியில் உட்காரவைத்தார். அதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது.

கடைசியில் கோதாவரிப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், அடிக்கவே மாட்டார். ஆனால் அவர் பேசுவதில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை, நாங்கள் பேசுவதில் பாதி அவருக்கு விளங்கவில்லை. வகுப்பில் நாங்கள் எங்களுக்குள் தமிழில் கலந்து பேசித்தான் சமாளித்தோம். இதை அப்பாவிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாத்தியாரைச் சாப்பிட அழைத்தார். அம்மாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. நம் பேச்சுப் பேசுகிற சீமையிலிருந்து ஒருவர் வருகிறாரே என்று புளிச்சக்கீரை தேடி ஊரெல்லாம் ஆள் அனுப்பினாள். விருந்தாளி ஆண்களிடம் வாயே திறக்காதவள், அன்று பரிமாறிக்கொண்டே ஊர் எது, குழந்தைகள் எத்தனை, அங்கே மழை உண்டா என்று மளமளவென்று தெலுங்கில் கேட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை.

வாத்தியார் முகம் மலரக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். வீட்டம்மா பேசுவது கிட்டத்தட்டத் தெலுங்கு மாதிரியே இருக்கிறது என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்பா சிரித்தார். அந்த மொழிக்காகக் கோயமுத்தூர் வெயிலில் அலைந்த அப்பா, அவரோடு சேர்ந்து சிரித்தார்.

அம்மா உள்ளே போய் ரசச் சட்டியோடு வந்தாள்.

"ஏனுங்க வாத்தியாருங்களே, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?"

தமிழில் கேட்டாள். விருந்து முடியும்வரை தமிழ்தான். வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது என்பதை அம்மா மறந்துவிட்டாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு எங்களிடமும் தமிழிலேயே பேசினாள். தெலுங்குப் பாடத்தை ஒப்பிக்கப் போனால், "உங்கப்பாருகிட்டப் போய்ச் சொல்லு கண்ணு" என்பாள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மற்ற வீட்டு அம்மாக்களைப் போல எங்கள் அம்மாவும் ஆகிவிட்டாள் அல்லவா?

அடுத்த வருஷம் வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வகுப்பும் நின்றது. தாய்மொழி அழிந்துவிடும் என்று அப்பா மறுபடி மனு எழுத உட்கார்ந்தார், தமிழில்தான்.

அம்மா அப்போது தொழுவத்தில் இருந்தாள். புதிதாகப் பிறந்திருந்த கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவியபடி அதனிடம் தெலுங்கில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

பாவம், கன்றுக்கு இன்னும் தமிழ் பழகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.